எந்தத் தெருவானாலும்

 



மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய அறிவில் சற்றுக் கோளாறு இருந்தது. அவர் ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு அவர்களால் ஒரு காரியம் ஆகவேண்டும் என்றார். வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? “பாவம், ஒரு மாதிரி” என்று சொல்லி நகர்ந்திருப்பார்கள். நாயகம் அவர்களோ, எந்தத் தெருவில் நின்று பேசவேண்டும் என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். காரியம் முடியும் வரை தாம் இருப்பதாகவும் வாக்களித்தார்கள். அப்படியே ஒரு வழியில் அவரோடு நின்று, அவர் சொல்லி முடிக்கும் மட்டும் கேட்டார்கள். ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம் பெற்றிருக்கிறது.

அந்தப் பெண்மணி என்ன கேட்டார் என்று ஹதீதில் இல்லை. அது முக்கியமென்று தோழர்கள் கருதவில்லை போலும். அல்லாஹ்வின் தூதர் தெருவில் நின்றார்கள் என்பதையே அவர்கள் மறக்காமல் பாதுகாத்து நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஹதீதை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம், மேடையிலும் சொல்லியிருக்கிறோம். ஆனால் அதை ஒரு முறை மறந்துபோனோம். அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுத நமக்கு அருகதை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் தொழும் பள்ளிவாசலின் முன்திண்ணையில், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒருவர் வந்து படுக்கத் தொடங்கினார். நாற்பது வயதிருக்கும். தாடி சடை பிடித்திருந்தது. தமக்குத் தாமே பேசிக்கொள்வார். பாங்கு சொன்னால் எழுந்து ஹவுளின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரே கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். ரமளானில் ஒரு நாள் தராவீஹ் தொழுகையின் நடுவில் உரக்கக் கத்திவிட்டார். மறுநாள் நிர்வாகக் கூட்டம் கூடிற்று. இஷாவுக்குப் பிறகு வெளிக்கதவைப் பூட்டிவிடுவது என்று முடிவாயிற்று. நாமும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். “பள்ளியின் கண்ணியம்” என்று யாரோ சொன்னபோது தலையாட்டினோம். அவர் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார்.

அங்கே டீக்கடை வைத்திருக்கும் ஓர் இந்து சகோதரர் தினமும் காலையில் அவருக்கு ஒரு டீயும் இரண்டு பன்னும் கொடுத்து வந்திருக்கிறார். கொடுத்ததோடு நிற்காமல், “உங்க பேரென்ன பாய்? எந்த ஊரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். முதல் மாதம் பதில் இல்லை. அப்புறம் ஒரு நாள் ஊர்ப் பெயர் வந்தது. இன்னொரு நாள் வாப்பாவின் பெயர் வந்தது. அந்த ஊருக்குப் போகும் பேருந்தின் நடத்துனரிடம் சொல்லியனுப்பி, அவருடைய குடும்பத்தையே கண்டுபிடித்துவிட்டார். அரபு நாட்டில் மின் வேலை பார்த்துத் திரும்பியவராம். மனம் பேதலித்து வீட்டைவிட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆயிற்றாம். நம் பள்ளியில் ஏறத்தாழ நாற்பது நாட்கள் படுத்திருந்தவரிடம், ஐந்து வேளை தொழுத நம்மில் ஒருவர்கூடப் பெயரைக் கேட்கவில்லை.

அவருடைய தாயார் வந்து மகனை அழைத்துக்கொண்டு போகுமுன், நம் பள்ளிவாசல் வாசலுக்கு வந்தார். மகன் அவரிடம் “பள்ளிவாசல்லதாம்மா படுத்திருந்தேன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கதவைப் பூட்டியதைச் சொல்லவில்லை. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எம் புள்ளைய வச்சுப் பாத்துக்கிட்டீங்களே வாப்பா, அல்லா ஒங்களுக்குக் குறைவில்லாமக் குடுப்பான்” என்று துஆச் செய்தார். அந்தத் துஆவை வாங்கிக்கொண்டு நின்றவர்களில் நாமும் ஒருவர்.

சகோதரர்களே! நாம் பூட்டிய அந்தத் திண்ணைக்கு மஸ்ஜிதுந் நபவியில் ஒரு பெயர் இருந்தது, ஸுஃப்பா. பேரீச்ச ஓலையால் வேய்ந்த ஒரு நிழல், அவ்வளவுதான். வீடில்லாதவர்களும் உறவினர் இல்லாதவர்களும் அங்கே தங்கினார்கள். ஹழ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அந்தத் திண்ணையில் இருந்தவர்களில் ஒருவர். மேலுக்குப் போர்த்தத் துணியில்லாத எழுபது பேரைத் தாம் அங்கே கண்டதாக அவர்களே சொல்கிறார்கள். அவர்களுக்கு உணவு எப்படி வந்தது? நிதி திரட்டவில்லை, விழா நடத்தவில்லை. இருவருக்கு உணவு உள்ளவர் மூன்றாமவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துப் போகட்டும் என்று நாயகம் அவர்கள் ஏவினார்கள். ஹழ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் மூவரை அழைத்துப் போனார்கள். நாயகம் அவர்கள் பத்துப் பேரை அழைத்துப் போனார்கள். மஹல்லாவுக்குள்ளேயே, வீடு வீடாகப் பங்கு வைக்கப்பட்ட பொறுப்பு அது.

இன்று நம் தெருவில் கிடப்பவருக்கு வீடு மட்டுமா இல்லை? பெரும்பாலும் மூன்று துன்பங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மனநோய் வந்தவர் வேலையை இழக்கிறார், பிறகு வீட்டை இழக்கிறார். குடியில் விழுந்தவரை வீடு துரத்துகிறது. வீடிழந்து நடைபாதைக்கு வந்தவர் குளிருக்கும் பயத்துக்கும் குடிக்கப் பழகுகிறார். எது முதலில் வந்தது என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இவர்களை நாம் முன்னர் எங்கே அனுப்பினோம்? இங்கே ஏர்வாடியை நினைக்காமல் இருக்க முடியாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஷஹீத் சுல்தான் சையிது இப்ராஹீம் வலியுல்லாஹ் அவர்கள் அடங்கியிருக்கும் அவ்வூருக்கு, மனம் பேதலித்தவர்களை எல்லா மதத்தவரும் நெடுங்காலமாக அழைத்து வருகிறார்கள். அப்படி வந்தவர்களை வைத்துக் காசு பார்க்கத் தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில் அத்தகைய விடுதி ஒன்றின் ஓலைக்கொட்டகை தீப்பற்றிற்று. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். ஓடுவதற்குக் கால் இருந்தது. காலில் விலங்கும் இருந்தது. அந்த மாதத்திலேயே அரசு அங்கிருந்த விடுதிகளை மூடி, 500க்கு மேற்பட்டவர்களைத் தன் பராமரிப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. 2007இல் விடுதி நடத்தியவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது.

விடுதிக்காரரைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். ஆனால் அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் யார்? தாயும் தகப்பனும், அண்ணனும் தம்பியும்தான். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. மாவட்டம் முழுவதும் சுற்றினாலும் மனநல மருத்துவர் கிடைக்காத காலத்தில், பக்கத்து வீட்டார் கதவடைத்துக்கொண்ட பிறகு, வேறு வழி தெரியாமல் போனவர்கள் அவர்கள். அவர்கள் ஊரிலும் ஒரு பள்ளிவாசலோ கோயிலோ தேவாலயமோ இருந்திருக்கும். ஒருவர் வந்து “என்ன செய்தி?” என்று கேட்டிருந்தால் அந்தப் பயணமே நடந்திருக்காது.

“ஜின்னு, ஷைத்தான், சிஹ்ரு என்பதையெல்லாம் மறுக்கிறீர்களா?” என்று சில அன்பர்கள் கேட்பார்கள். மறுக்கவில்லை. ஜின்கள் உண்டென்று திருமறை சொல்கிறது, நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். ஓதிப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தாய் தன் பிள்ளையின் தலையில் கைவைத்து ஓதி ஊதுவதைத் தடுக்க நாம் யார்? ஆனால் மருத்துவம் செய்யலாமா என்று நாட்டுப்புற அரபிகள் கேட்டபோது, செய்யும்படியே நாயகம் அவர்கள் ஏவினார்கள். முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்றும் அறிவித்தார்கள். மூளையும் உடம்பின் ஓர் உறுப்புத்தானே? சர்க்கரை நோய்க்கு மாத்திரையை ஒப்புக்கொள்ளும் நாம், காதில் குரல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால் மட்டும் ஏன் ஊர் ஊராகத் தாயத்துக்கு அலைகிறோம்? அடித்துப் பேயோட்டுவது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது, இவற்றுக்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தார்கள். 934இல் மறைந்த அபூஸைது அல்பல்கீ அவர்கள், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார்கள். திமிஷ்கில் 1154இல் சுல்தான் நூருத்தீன் கட்டிய மருத்துவமனையிலும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையிலும் சித்தம் கலங்கியவர்களுக்கென்று தனிப் பகுதிகள் இருந்தன. வக்ஃபு வருமானத்தில் அவை நடந்தன. குணமாகிப் போகிறவர் மறுநாளே வேலைக்கு ஓடாதபடி கையில் பணம் கொடுத்தனுப்பும் வழக்கமும் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அங்கும் குறை இல்லாமல் இல்லை. 1184இல் திமிஷ்குக்கு வந்த யாத்திரிகர் இப்னு ஜுபைர், அங்கே பித்தர்களைக் கட்டி வைத்திருந்ததையும் குறித்திருக்கிறார். பழம்பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இனி, குடிக்கும் போதைக்கும் வருவோம். மது ஹராம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்தில்லை. அது ஹராம் என்று ஜும்ஆ மேடையில் சொல்லிச் சொல்லி நம் தொண்டை வறண்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தும் விட முடியவில்லையே என்பதுதான் அவன் நோய். நாயகம் அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நாயகம் அவர்களைச் சிரிக்க வைப்பவர். ஆனால் குடியை விட முடியாமல் பலமுறை தண்டனை பெற்றார். அப்படி ஒரு முறை அவர் கொண்டுவரப்பட்டபோது ஒருவர் அவரைச் சபித்தார். நாயகம் அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்றார்கள். தண்டனை ஒரு பக்கம் இருக்க, அவருடைய நேசத்துக்கு நாயகமே சாட்சி சொன்னார்கள். நாமோ நம் மஹல்லாவில் அவனைப் “பெருங்குடிகாரன்” என்கிறோம். அவன் மகளுக்கு வரும் சம்பந்தத்தையும் கலைத்துவிடுகிறோம்.

ஷாம் நாட்டு வீரர் ஒருவர் குடியில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள், அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அல்லாஹ் பாவத்தை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன் என்று வரும் திருவசனங்களே அக்கடிதத்தில் இருந்தன. அனுப்பிவிட்டுத் தோழர்களை அவருக்காகத் துஆச் செய்யச் சொன்னார்கள். அவர் அதைப் படித்துப் படித்து அழுது குடியை விட்டார். சறுக்கி விழுந்த சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள் என்பது உமர் (ரலி) அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்ன புத்தி. நடவடிக்கை எடுப்பதில் உமர் (ரலி) அவர்களைவிடக் கடுமையானவர் யார்? அவர்களே முதலில் கடிதம்தான் எழுதினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். உயிர் பற்றிய விஷயமாதலால் இதைச் சற்றுக் கவனமாகப் படியுங்கள். ரமளான் பிறை தெரிந்ததும், நெடுங்காலம் தினமும் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்து, “இந்த மாசத்தோட விடவைக்கிறோம்” என்று முயலும் குடும்பங்கள் உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் உடம்பு மதுவுக்கு அடிமையான பின் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் உடல் நடுங்கி, இல்லாதது கண்ணில் தெரிந்து, பிதற்றல் தொடங்கலாம். அதில் உயிரே போவதுண்டு. அதைப் பார்த்து “ஜின்னு பிடிச்சிருச்சு” என்று எண்ணி நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். அவருக்கு வேண்டியது மருத்துவமனைக் கட்டில். அங்கே நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் வைட்டமின் ஊசியும் கொடுத்து, நாலைந்து நாளில் கண்டத்தைத் தாண்ட வைக்கிறார்கள். மது விலக்கப்பட்டதே ஒரே நாளில் அல்ல என்பதை மறக்கவேண்டாம். முதலில் அதில் பெருங்கேடு உண்டென்றும், பிறகு போதையோடு தொழுகைக்கு நெருங்காதீர்கள் என்றும், கடைசியில்தான் முற்றாக விலகுங்கள் என்றும் வசனங்கள் படிப்படியாக இறங்கின. இன்று நமக்குச் சட்டம் முழுமையாக இறங்கிவிட்டது. எனவே ஹராமுக்குத் தவணை இல்லை. ஆனால் மனித உடம்பை அறிந்த ரப்பு அன்று எப்படி நடத்தினான் என்பது நாம் பார்த்துக் கற்கவேண்டியது.

ரமளானைப் பற்றி இன்னொன்று. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நோன்புக்காக அதை நிறுத்திவிட்டு, பெருநாளுக்குள் நோய் முற்றிப்போவதை நாம் கண்டிருக்கிறோம். ஷஃபானிலேயே மருத்துவரிடம் போய்க் கேட்டால், பல மருந்துகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித் தருவார்கள். லித்தியம் போன்ற சில மருந்துகளில் உடம்பில் நீர் குறைந்தாலே ஆபத்து; அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்கவே கூடாது. நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். அந்தச் சலுகையை வாங்க வெட்கப்படுவானேன்?

“ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்” என்று நோயை மறைத்து நிக்காஹ் முடித்து வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணம் மருந்தல்ல. நோய் தீராது; ஏதுமறியாத ஒரு பெண்பிள்ளையின் வாழ்வு தீர்ந்துபோகும். விற்கும் பொருளின் குறையை மறைப்பவனையே நாயகம் அவர்கள் கண்டித்திருக்க, மனிதரின் குறையை மறைப்பதற்கு என்ன பெயர்? இது போதும், இதை நீட்டினால் கோபம் வந்துவிடும்.

சரி, உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். என்ன செய்வது? உள்ளூரிலேயே கதவுகள் இருக்கின்றன, தட்டுவாரில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் முறை வைத்து வருகிறார்கள். மருந்து இலவசம். நாள் எது என்று ஒரு முறை போய் விசாரித்துப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது முஅத்தின் சாஹிபுக்கு ஐந்து நிமிட வேலை. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது இது, தமிழிலேயே பேசலாம். போதைக்கு 14446. பெயர் சொல்லவேண்டும் என்பதில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்துவிட்டது. தெருவில் ஆதரவற்று அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்ப்பதும், அவர் குடும்பத்தைத் தேடுவதும் காவல் நிலையத்தின் கடமை என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஜமாஅத்தார் இருவர் உடன் போய் நின்றால் அந்தக் கடமை விரைவில் நடக்கும். வீடில்லாதவர்களுக்கு மாநகராட்சி, நகராட்சித் தங்குமிடங்கள் இருக்கின்றன. லட்சம் பேருக்கு ஒன்று வேண்டுமென்று 2010இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. போதுமான அளவில் எங்கும் இல்லை என்பதும் உண்மை.

சென்னையில் 1794இல் தொடங்கிய பழைய மனநல இல்லத்தின் வழிவந்ததுதான் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. அந்த ஊர்ப் பெயரையே நாம் ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். 1980 முதல் டி.டி.கே. மருத்துவமனை குடி நோய்க்கும், டாக்டர் சாரதா மேனன் அவர்கள் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் மனச்சிதைவு நோய்க்கும், 1993 முதல் பான்யன் அமைப்பு தெருவில் விடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்கும் பணி செய்து வருகின்றன. குடியை விட்டவர்களே கூடி ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. பல இடங்களில் அவை தேவாலய வளாகத்தில் நடப்பதால் நம்மவர்கள் தயங்குகிறார்கள். தயங்கவேண்டாம். அல்லது நம் மதரஸா அறை ஒன்றை வாரம் ஒரு மாலை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

பெண்கள் விஷயம் தனி. வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நாயகம் அவர்களிடம் வந்தார். பொறுமைக்குச் சுவர்க்கத்தை ஏற்றுக்கொண்ட பின்னும் அவர் கேட்ட ஒரே துஆ, விழும்போது தம் ஆடை விலகக் கூடாது என்பது. நோயைத் தாங்கிக்கொள்ள இசைந்தவருக்கு மானக்குறைவைத் தாங்க முடியவில்லை. தெருவில் ஆடை கிழிந்து நிற்கும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது ஒரு புடவையும், அதை உடுத்திவிட இன்னொரு பெண்ணும், அன்றிரவுக்குள் ஒரு கதவும்தான். 181 என்பது பெண்கள் உதவி எண். ஆண்கள் ஒதுங்கி நின்று, தாய்மார்களை அனுப்புங்கள்.

செலவுக்கு வழி? ஜகாத் பெறத் தகுதியுள்ளோர் வரிசையில் ஃபகீரும் மிஸ்கீனும் முன்னால் நிற்கிறார்கள். மருந்து இலவசமானாலும் மாதாமாதம் போய்வரும் பேருந்துக் கட்டணம் இல்லாமல் சிகிச்சையை விட்டவர்கள் உண்டு. பைத்துல்மாலிலிருந்து அதைக் கொடுக்கலாம். கூடப்போக ஓர் ஆள் கொடுப்பது அதைவிடப் பெரிது. மருந்து தொடங்கி நாலு மாதத்தில் நன்றாகிவிட்டார் என்று நிறுத்திவிட்டு மறுபடி விழுவார்கள். குடியை விட்டவரும் மறுபடி விழுவார். அப்போதும் கூடப்போகவேண்டும்.

நம் பள்ளியில் இப்போது இரண்டு சகோதரர்கள் அந்தப் பொறுப்பை எடுத்திருக்கிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், இன்னொருவர் ஆட்டோ ஓட்டுபவர். சென்ற ஆண்டில் ஆறு பேரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். இருவர் தொடர்ந்து போகிறார்கள், ஒருவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை, மற்றவர்கள் விட்டுவிட்டு வருகிறார்கள், வந்து விடுகிறார்கள். வெளிக்கதவைப் பூட்டுவது பற்றி நிர்வாகத்தில் இன்னும் ஒருமுடிவு ஏற்படவில்லை. மின்விசிறி திருட்டுப் போனதைச் சிலர் நினைவூட்டுகிறார்கள், அதுவும் நடந்ததுதான். இப்போதைக்கு உள்வாசலைப் பூட்டிவிட்டு, திண்ணையைத் திறந்து வைத்திருக்கிறோம். பலகையில் டீக்கடைக்காரர் கடை எண்ணும் எழுதியிருக்கிறது. யாராவது புதிதாக வந்து படுத்தால், முஅத்தின் சாஹிப் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறார்.